அரைவாசியில் விடாத குறடு

மத்திய வீதியில் புஷ்பகாந்தனின் கடை.
கண்ணாடிப் பெட்டிமேல் மூன்று குறடுகள்.
எண்ணூற்றைம்பது. இரண்டாயிரத்து நூறு.
மூன்றாவதற்கு விலை சொல்லமுன்
என் செருப்பை ஒருதரம் பார்த்தார்.

"வீட்டு ரீவிக்கோ தங்கச்சி? முதலாவதே காணும்."

வீட்டுக்கில்லை அண்ணை, பலநாள் படகுக்கு.
வானொலியிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகிற வயர்,
ஐந்து மில்லிமீற்றர் தடிப்பு.
ரவிக்கைத் துணி எடுக்கச் சேலையையும் கொண்டுபோகிறவள்போல
ஒருமுழத் துண்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தேன்.

முதலில் உரிப்பான்.
சிவப்புப் பிளாஸ்ரிக், விரல் நுழைத்துச் சுழற்ற ஒரு வளையம்,
உள்ளே மூன்று அலகு, மூன்று ஆழம்.
ஒன்று கறுப்புத் தோலை வெட்டும், பின்னலைத் தொடக்கூடாது.
ஒன்று பின்னலை வெட்டும், வெள்ளையைத் தொடக்கூடாது.
ஒன்று வெள்ளையை வெட்டும்,
நடுக்கம்பிக்கு அந்தச் செய்தியே போய்ச் சேரக்கூடாது.

மற்ற இரண்டையும் உயர்த்திவிட்டுத்
தோலலகை மட்டும் விட்டுச் சுற்றினேன்.
உரிந்ததை நான் பார்க்கவில்லை,
கண்ணாடியில் உதிர்ந்த மயிர்க்கம்பிகளை எண்ணினேன்.
பதினொன்று.
திருகைக் காற்சுற்றுத் தளர்த்தினேன். நான்கு.
இன்னும் ஒரு மயிரிழை. ஒன்றுமில்லை.
வாசலில் ஒரு மான் அட்டைப்பெட்டி தின்றுகொண்டிருந்தது.
"இதை எடுக்கிறன்" என்றேன்.

குறடுதான் கஷ்டம்.
முதலாவதன் வாய் வெறும் பல்.
வளையத்தை ஒரு பக்கம் கடிக்கும், மறுபக்கம் காது விரியும்.
அதுபோல ஒன்று என்னிடம் இருக்கிறது.
போன கச்சான் காலத்தில் நூறுல் பஹ்ருக்கு
அதால்தான் அமுக்கினேன்.
இழுத்துப் பார்த்தேன், வரவில்லை,
காணும் என்று இறங்கிவிட்டேன்.

பத்தொன்பதாம் நாள் நடுக்கடலில் எஞ்சின் நின்றதாம்.
வானொலி இரைந்ததாம். இரைச்சல் மட்டும்தானாம்.
இரண்டு பகல் மிதந்து,
யாரோ எறிந்த கயிற்றில் கொட்பே வந்து சேர்ந்தார்கள்.
றிபாய்தீன் நானா ஆன்டெனாவைக் காட்டி
"என்ன பிள்ள இது?" என்று கேட்டார்.

"உப்பு நானா" என்றேன்.

திருகோணமலையில் உப்பை யாரும் குறுக்குவிசாரணை செய்வதில்லை.
கதவுப் பிணைச்சல், சைக்கிள் செயின், கோயில் மணியின் நாக்கு,
எல்லாவற்றையும் அதன் கணக்கில்தான் எழுதுகிறோம்.
வெட்டியெடுத்த முனையை இரவு சமையலறையில் பிளந்தேன்.
உப்பின் பொட்டுக்கூட இல்லை.
பாதிப் பின்னல் வளையத்துக்கு வெளியே,
சீப்பில் சிக்கிய தலைமயிர்போல.

"மூன்றாவது எவ்வளவு அண்ணை?"
"பன்னிரண்டாயிரத்து எழுநூறு."

அறுகோண வாய், இரண்டு அளவு:
வளையத்துக்கு ஐந்து தசம் நான்கு,
ஊசிக்கு ஒன்று தசம் ஏழு.
வெறும் வளையமொன்றை வைத்து அமுக்கினேன்.
கிளிக். கிளிக். நடுவில் கையை விட்டேன்.
வாய் திறக்கவில்லை.
முழுதாய் அமுக்கி முடித்தால்தான் விடுமாம்.
"மனம் மாறினால்?"
கைப்பிடிக்குள் ஒளிந்திருந்த சின்ன நெம்பியைக் காட்டினார்.
அதை அவர் காட்டாமலே இருந்திருக்கலாம்.

சீட்டுக்காசு போய்விட்டது.

பிற்பகல் கொட்பேயில்
தோல், பின்னல், வெள்ளை, ஊசி, வளையம்.
ஆறு முகமும் ஒரே அளவில் அமர்ந்தன.
ஒலிவாங்கியை எடுத்து "கேட்குதா?" என்றேன்.
நாலு படகு தள்ளி யாரோ
"கேட்குது, கேட்குது, கத்தாத" என்றார்.

நானா ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்.
"நானா, போனமுறை..." என்று தொடங்கினேன்.
நாலைந்து சாக்கு, ஒரு வாய்ப்பகிடி,
நெம்பி எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.
"அது உப்பில்லை. என்ர கை."

கோடரி நின்றது.
அவர் என்னைப் பார்த்த நேரத்துக்குள்
ஐஸ் ஒரு விரற்கடை குறைந்திருக்கும்.
பிறகு குனிந்து மீண்டும் உடைத்தார்.
நான் ஏணியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து சொன்னார்:

"மிஞ்சின வயர விட்டுட்டுப் போ.
டீசல் கான் கட்ட உதவும்."