அரைக்கால்

அவினாசி. சப்-ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு எதிர்ச்சந்து,
ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
மானிட்டர் ஓரம் செலோ டேப் போட்டு ஒட்டிய சீட்டில்
என் பன்னிரண்டு வருசச் சம்பாத்தியம்:
0176 டிகிரி
0189 அரை
0188 கால்
0190 முக்கால்.
இடது கட்டைவிரல் ஆல்ட்டை அமுக்கியிருக்க
வலக்கை எண்ணைத் தட்டும்.
பிடித்திருக்கும் வரைக்கும் ஒன்றும் தெரியாது.
விட்டால்தான் எழுத்து விழும்.

ஆடியில் யாரும் பத்திரம் போடுவதில்லை.
போடுகிறவர்களுக்கு ஏதோ அவசரம்.
சேவூர்ப் பக்கமிருந்து வந்தார்கள்
தெய்வசிகாமணியும் தம்பி பொன்னுரங்கனும்.
கூடவே தங்கை பழனாத்தாள்,
நைட் ஷிப்ட் முடித்த கண்,
கழட்ட மறந்த பனியன் கம்பெனி அட்டை.

"பழைய பத்திரத்தையே காப்பி பண்ணி
பேரை மட்டும் மாத்திருங்கோ."
கன்ட்ரோல் எச்.
நஞ்சப்பன் இருக்கும் இடமெல்லாம் தெய்வசிகாமணி.
நஞ்சப்பன்புதூர் தெய்வசிகாமணிபுதூர் ஆனது.
ஊரையே அண்ணன் பேருக்கு எழுதிவிட்டது கம்ப்யூட்டர்.
பழனாத்தாள் மட்டும் சிரித்தாள்.
கன்ட்ரோல் இசட்.

காலை எண், செக்குபந்தி, வண்டித்தடம்
எல்லாம் தாண்டி வந்தது கிணறு.
கிணற்றிலும் மோட்டாரிலும் கரண்ட் சர்வீஸிலும்
பழனாத்தாளுக்கு 1/8.

அரை, கால், முக்கால் என்றால்
தானாகவே சின்னதாக்கி
மடியில் உட்கார்த்திக்கொள்ளும் கம்ப்யூட்டர்.
இதற்கு அந்தச் சலுகை இல்லை.
ஒன்றும் எட்டும்
நடுவில் சாய்ந்த வரப்போடு அப்படியே நின்றன.
215பி அடித்து ஆல்ட் எக்ஸ் தட்டினேன்.
திரையில் வந்துவிட்டது.
பிரிண்டில்
ஒரு கட்டம்.
நாலு பக்கமும் பாறையை வெட்டி இறக்கிய
எங்க பக்கத்துக் கிணறேதான்,
உள்ளே சொட்டு இல்லாமல்.

"ஏனுங்க்கா, என்ற பங்கு பொட்டியாட்ட இருக்குது?"
"ஃபான்ட்டுல அந்த எழுத்து இல்லீங்க."
"பொட்டியே இருக்கட்டும் உடுங்க," பொன்னுரங்கன்,
"அவ ஒண்ணுங் கேக்கமாட்டா."

ஏழு வருசம் முன்னால்
இதே நாற்காலியில்
என் விடுதலைப் பத்திரத்தை நானேதான் அடித்தேன்.
ஒரு பிழை இல்லை என்று ரைட்டர் மெச்சினார்.
கன்ட்ரோல் இசட் அன்றைக்கும் எனக்குத் தெரியும்.
ஃபைல் இன்னும் டி டிரைவில் இருக்கிறது.
திறந்தால், படிக்க மட்டும் என்கிறது.

கட்டத்தை அழித்தேன்.
அ, ரை, க், கா, ல்.
எந்த எண்ணும் வேண்டியிருக்கவில்லை.
கன்ட்ரோல் பி. அது போதாமல் கன்ட்ரோல் யு.
பக்கத்திலேயே 'எட்டில் ஒரு பாகம்' என்றும் சேர்த்தேன்.
தெய்வசிகாமணி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
காத்துக்கு ஷட்டர் அடித்தது, கரண்ட் போய்
யூபிஎஸ் கீச்சென்றது.
கன்ட்ரோல் எஸ், கன்ட்ரோல் எஸ், கன்ட்ரோல் எஸ்.
ஒரு தடவை போதும். தெரியும்.

கையெழுத்துக்கு முன்னால் அந்த வரியை மட்டும்
பழனாத்தாள் போட்டோ எடுத்துக்கொண்டாள்,
விரலால் விரித்துப் பார்த்தாள்.
அப்புறம் என் சீட்டைக் காட்டி,
"டிகிரி எதுக்குங்? பத்திரத்துல சூடு எழுதுவாங்களா?"
"இல்லீங்க, பனியன் லேபிளுக்கு வருவாங்க.
முப்பது டிகிரித் தண்ணீல தொவைக்கோணும்னு போடறதுக்கு."
"அட, அந்தச் சுழியா!
ராத்திரிக்கு ரெண்டாயிரம் தைக்கறனுங்க்கா,
எழுத்துல தூசி ஒட்டியிருக்குதுன்னு
நகத்துல சுரண்டிப்போட்டேன் மொத நாளு."