இரண்டு பக்கமும்

கார் விட்ட இடம்தான் என் கடை.
மெஷினைத் தள்ளினால் கீழே
சீமெந்தில் இன்னும் எண்ணெய்க் கறை.
பத்தடிக்குப் பதினெட்டடி,
ஒரு ஷட்டர், ஒரு ஃபான்,
மாரிக்கு ஒழுகும் ஒரு மூலை.
அந்த மூலைக்கும் சேர்த்துத்தான் வாடகை.

தொடங்கின வருசம் பன்னிரண்டாயிரம்.
பிறகு பதினைந்து.
பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருசம்
அவர் ஒன்றும் கேட்கவில்லை,
அதைச் சொல்லத்தான் வேண்டும்.
அடுத்த வருசம்
கேட்காததையும் சேர்த்துக் கேட்டார்.
இருபத்தெட்டு.

இன்றைக்குக் காலமை,
சாமிப்படத்துக்கு வைத்த குச்சி
பாதி கூட எரியவில்லை,
சிவகடாட்சம் அண்ணை வந்தார்.
கையில் நாலாய் மடித்த தாள்.
"இதிலை இரண்டு கொப்பி போடு பிள்ளை"
என்றுவிட்டு
பரமேஸ்வராச் சந்திப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்,
பஸ்ஸுக்கு நிற்கிறவர்போல.

தாளைக் கண்ணாடியில் கவிழ்க்கும்போதே
என் பெயர் தெரிந்தது.
'மாசி முதலாம் திகதி தொடக்கம்
மாத வாடகை ரூபா முப்பத்தையாயிரம்.'
வடிவான கையெழுத்து.
வங்கியில் முப்பது வருசம் இருந்தவர்,
ஒவ்வொரு சுழியும் அதனதன் இடத்தில்.
பூச்சியங்களும்.

மூடியை மூடினேன்.
பச்சை வெளிச்சம்
ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு
வாசித்துக்கொண்டு போனது.
மரணச் சான்றிதழ், காணி உறுதி,
கனடாவுக்கு அனுப்பும் விவாகப் பதிவு,
எல்லாவற்றையும் அது
இதே வேகத்தில்தான் வாசிக்கும்.

"என்ன செய்யிறது பிள்ளை,"
இன்னும் சந்தியைத்தான் பார்க்கிறார்,
"கரண்ட் பில் கண்டனியே?
சோலைவரியும் கூட்டிப்போட்டாங்கள்.
கிணத்து மோட்டர் எரிஞ்சு
கொயில் சுத்தக் குடுத்தது பதினாலாயிரம்.
அவளின்ரை பிறஷர்க் குளிசை
போன மாசம் ஒரு விலை, இந்த மாசம் ஒரு விலை.
நானும் ஆரிட்டைக் கேக்கிறது?"

ஆரிட்டைக் கேக்கிறது.
அவரிடம் சொல்லவென்று
நான் வைத்திருந்த சொல்லும் அதுதான்.
முந்திக்கொண்டார்.

தாளைத் திருப்பி எடுக்கும்போதுதான்
பின்பக்கத்தைக் கண்டேன்.
பென்சிலால் ஒரு கணக்கு.
மோட்டர், வரி, குளிசை, ஓட்டுக்குச் சலாகை,
கீழே நாற்பது என்று எழுதி வெட்டி,
முப்பத்தெட்டு என்று எழுதி வெட்டி,
வெட்டின இடத்தில் தாள் கொஞ்சம் கிழிந்து.

"பின்பக்கமும் போடவோ அண்ணை?"

"வேண்டாம், வேண்டாம்.
முன்பக்கம் காணும்."

நான்கு தாள் பிழைபோகும் ஒரு நாளில்
இரண்டும் துப்புரவாய் வந்தன.
"ஒண்டு உனக்கு," என்றார்.
சூடாக இருந்தது.

இருபது ரூபாவை மேசையில் வைத்தார்.
"முப்பது, அண்ணை."
"பத்துத்தானே ஒரு பக்கம்?"
சுவரைக் காட்டினேன்.
போன கிழமை ஒட்டின பதினைந்து,
அதன் கரையால் எட்டிப்பார்க்கும் பத்து,
பத்துக்குக் கீழே
ஒருவரும் நம்பாத ஐந்து.
அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.
சேட்டுப் பையில் துழாவி
இரண்டு ஐந்து ரூபாக் குற்றிகளை
ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்தார்.
சிரிப்பார் என்று நினைத்தேன்.
நானும் சிரிக்கவில்லை.

அவர் போனபிறகு
ஏழாயிரத்தைப் பதினைந்தால் பிரித்தேன்.
நானூற்று அறுபத்தாறு பக்கம், மிச்சம் பத்து.
ரோனர் கழிக்கவில்லை,
தாள் கழிக்கவில்லை.
பிழைபோகும் நான்கையும் கழிக்கவில்லை.

பதினொரு மணிபோல நிதுர்ஷிகா வந்தாள்,
முதலாம் வருசம், துணுக்காய்ப் பிள்ளை.
அவளின் அறையில் மூன்று பேர்.
வாடகை கூட்டவில்லையாம்,
நாலாவது கட்டில் போடப்போகிறார்களாம்.
எண்பத்திரண்டு பக்க நோட்ஸை நீட்டிக்கொண்டு
சுவரைப் பார்த்தாள்.
உதடு அசைந்தது,
பெருக்கிப் பார்க்கிறாள்.

"அக்கா, இரண்டு பக்கமும் போட்டால் குறையுமோ?"

தாள் குறையும் என்றேன்.

மிச்சத்தையும் சொல்வேன் என்று
அவள் நின்றுகொண்டிருந்தாள்.