மாற்றத்துக்கான காரணம், மூன்று வரிக்குள்

பதிவாளர் அலுவலகம் ஐந்து மணிக்குச் சாத்திவிடும்.
துலூத்தில் நாலரைக்கே இருட்டிவிட்டது.
பழைய துறை: கணினி அறிவியல்.
புதிய துறை: தகவல் அமைப்புகள்.
இரண்டையும் எழுதியாயிற்று.
கீழே மூன்றே மூன்று கோடு.
காரணம் கேட்கிறது படிவம்.

உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன்:
தனிநிலைக் கணிதத்தில் இரண்டாம் முறையும் தோற்றேன்.
அறைத்தோழி பிரிட்டா சிரிக்கிறாள்,
"கணக்குக்குப் பயந்தவர்கள் ஒதுங்குகிற இடம் அது,
டை கட்டிக்கொண்டு அம்புக்குறி வரைவார்கள்."
வரைவேன் போலிருக்கிறது.
அப்பா தாதுக் கப்பலில் சமையல்காரர்.
ஏரி நடுவிலிருந்து அலைபேசியில் கேட்டார்,
"ரெண்டுலயும் கம்ப்யூட்டர் உண்டுதானே?"
"உண்டு."
"அப்ப சரி."
பின்னால் வெங்காயம் பொரிகிற சத்தம்.

தோற்ற தேர்வில் ஒரு கேள்வி மட்டும் சரி.
நாற்பது கூடு, நாற்பத்தொரு புறா:
ஏதோ ஒரு கூட்டில் இரண்டாவது இருந்தே தீரும்.
நிறுவினேன். முழு மதிப்பெண்.
எந்தக் கூடு, எந்த இரண்டு புறா
என்று யாரும் கேட்கவில்லை.
கேட்காமலே முடிகிறதே, அதுதான் அழகு
என்றார் பேராசிரியர் ஹால்வர்சன்.
அழகுதான். மறுக்கவில்லை.

அன்றிரவு எனக்கு வேலை
ரயில் பாதைக்குப் பின்னாலிருக்கும் குளிர்காலத் தங்குமிடத்தில்.
கட்டில் நாற்பது.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து.
பதினொன்று பத்துக்கு வந்தார் வெண்டல் ஓஸ்பி,
தாடியில் பனி, ஒரு கையில் மட்டும் கையுறை.
பெயரை அடித்தேன், பிறந்த தேதியை அடித்தேன்.
கட்டில் எண் என்ற கட்டத்தின் பக்கத்தில்
சிவப்பு நட்சத்திரம். கட்டாயம் நிரப்ப வேண்டும்.
நாற்பத்தொன்று என்றேன். பிழை.
வெற்றாக விட்டேன். பிழை.
பூஜ்யம் போட்டேன்.
தயவுசெய்து சரிபார்க்கவும் என்றது.
நிரலில் ஒரு தவறும் இல்லை.
எழுதியவர் கெட்டிக்காரர்,
கண் மூடித் திறப்பதற்குள் மறுத்துவிடுகிறது.

அவரைத் திருப்பி அனுப்பவில்லை, பயப்பட வேண்டாம்.
ரோவீனா எழுந்து வந்தாள், பதினாறு வருஷ இரவுப்பணி.
மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதித்
திரையின் ஓரத்தில் ஒட்டினாள்:
ஓஸ்பி. நாற்காலி. கொதிகலன் பக்கம். காலையில் இன்சுலின்.
அந்த ஓரத்தில் ஏற்கெனவே
ஒரு மாதத்துப் பனி முழுக்க ஒட்டியிருந்தது,
பசை காய்ந்து, மூலை சுருண்டு,
பாதி மேசைக்கடியில் விழுந்து.
மாநிலத்துக்குப் போகிற அறிக்கைப்படி
இந்தக் கட்டடத்தில் எந்த இரவும்
நாற்பது பேருக்கு மேல் உறங்கியதில்லை.

அவர் உறங்கினார். பூட்ஸைக் கழற்றவில்லை.
நான் ரோவீனாவைத் துளைத்துக்கொண்டிருந்தேன்:
இந்தத் தாளை யார் படிப்பார்கள், எத்தனை மணிக்கு?
விழுந்துவிட்டால்?
காலைப்பணிக்கு வருகிறவருக்கு
உங்கள் கையெழுத்து புரியுமா?
நட்சத்திரம் வைத்தவர் ஒருநாளாவது
இங்கே ராத்திரி உட்கார்ந்திருக்கிறாரா?
"உனக்குப் பரீட்சை இல்லையா?" என்றாள்.
இருந்தது.
புத்தகம் மூன்று மணி நேரமாக
அதே பக்கத்தில் திறந்து கிடந்தது.

மறுநாள் பாடப்பட்டியலைப் புரட்டினேன்.
தரவுத்தளம், செயல்முறை, கணக்கியல் (ஐயோ),
பயனரோடு பேசுதல் என்றொரு தாள்.
பேசுவதற்குமா பரீட்சை என்று
பிரிட்டா இன்னொரு தடவை சிரிப்பாள்.
சிரிக்கட்டும்.
நாளை என் கட்டங்களுக்குக் கீழே ஓடப்போவது
அவள் எழுதும் நிரல்தான்.
அது வேகமாகவே ஓடட்டும்.
நட்சத்திரத்தை எங்கே வைப்பதென்று
நான் போய்க் கேட்டு வருகிறேன்.

நான்கு ஐம்பத்திரண்டு.
எழுத்தர் விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டார்.
எழுதினேன்:
கணக்கில் தோற்றேன்.
எந்த இரண்டு புறா என்று தெரிந்தாக வேண்டும்.
மூன்றாவது கோட்டில்: நாற்காலி.
அவர் படிக்கவில்லை.
முத்திரை சரியாக
மூன்றாவது கோட்டின்மேல் விழுந்தது.
மை காயும்வரை மடிக்காதே என்றார்.