நீலம் என்று எழுதியிருந்தது

பாடப்புத்தகத்தின் நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
ஒரு உதடு இருக்கிறது.
வழவழத் தாளில், வெளிறிய முகத்தில்,
அவரைப்பூ நிறத்தில்.
மூச்சு முட்டினால் மனிதர் இப்படித்தான் ஆவார்கள் என்று
நாலரை வருஷம் நம்பியிருந்தேன்.
தோல் பாடத்தில் 'சிவந்து காணப்படும்' என்று
பக்கத்துக்குப் பத்து முறை வரும்.
ஒரு வார்டிலும் அந்தச் சிவப்பைப் பார்த்ததில்லை.
பரீட்சையில் எழுதினேன், மார்க் வந்தது.

அந்த உதட்டுக்காரர் ஒருநாளும்
அஞ்செட்டியிலிருந்து பஸ் மாறி வந்தவரில்லை.

கெம்பம்மா வந்தார்.
ஆவணி மாதம், இரவு ஒன்றரை, கிருஷ்ணகிரி அவசரப் பிரிவு.
வயது 'ஐம்பது இருக்கும்' என்று சீட்டில்.
ஜல்லி கிரஷரில் இருபது வருஷம் என்றான் மகன்,
லுங்கியில் இன்னும் வெள்ளைப் பொடி.
விரலில் கிளிப்பை மாட்டினேன்.
தொண்ணூற்று நாலு.
பொறுக்கலாம் என்றேன்.
அடுத்த கட்டிலில் பாம்புக்கடி,
அதற்கடுத்ததில் பைபாஸில் லாரி தட்டிய பையன்.

முனிரத்னா நகரவில்லை.
செல்போன் வெளிச்சத்தில்
கீழிமையை இழுத்துப் பார்த்தாள்.
நாக்கைத் தூக்கச் சொன்னாள்
தமிழுமில்லாத கன்னடமுமில்லாத
எனக்குப் பாதி மட்டும் பிடிபட்ட பேச்சில்.
அந்த அம்மாள் முதல்முறையாக
யாரோ தன்னிடம் பேசியதுபோல் திரும்பினார்.
நாக்கின் அடி
நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது.

"இது தொண்ணூத்தி நாலு இல்ல.
எங்க தோலுக்கு இந்த மெஷின்
கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும்."

மணிக்கட்டில் ரத்தம் எடுத்து அனுப்பினோம்.
எண்பத்தி மூன்று என்று வந்தது.

பிறகு ஓட்டம்தான். ஆக்சிஜன், ட்ராலி, லிஃப்ட் வேலை செய்யவில்லை,
மகன் ஒரு பக்கம் தூக்கினான், நான் ஒரு பக்கம்.

எல்லாம் அடங்கியபின்
கிளிப்பை என் விரலில் மாட்டிப் பார்த்தேன்.
அதே கறுப்பு.
அரை மாற்றுக்கூடக் குறையாத கறுப்பு.
ஆனாலும் அவள் 'எங்க' என்றபோது
நான் வெளியே நின்றிருந்தேன்,
புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு
அந்த வெளிறிய ஆளின் பக்கத்தில்.

முதல் வருஷம் சேர்க்கைப் பட்டியல் வந்த அன்று
வாட்ஸ்அப்பில் அவள் மதிப்பெண்ணை வட்டம்போட்டு அனுப்பினார்கள்.
அரசுப் பள்ளிக்காரர்களுக்கு ஏழரை சதவீதம் அல்லவா,
ஆகவே ஹாஸ்டலில் அவள் பெயர் ஏழரை.
'ஏழரை வருது, வழி விடு.'
'ஏழரை பிடிச்சா பேட்ச்சே விளங்காது.'
நாமக்கல்லில் இரண்டு வருஷம் தங்கிப் படிக்க
என் அப்பா கட்டிய தொகைக்கு
யாரும் எந்தச் சனியின் பெயரையும் வைக்கவில்லை.

சாதிச் சான்றுக்கு அவள் அப்பா
ஓசூருக்குப் பதினோரு தடவை நடந்தாராம்.
இருளர்தான் என்று எப்படி நம்புவது,
எலி பிடித்துக் காட்டு என்றாராம் ஒரு அதிகாரி.
"காட்டினாரா?" என்று கேட்டேன்.
என்னை ஒரு நொடி பார்த்தாள்.
"சான்று வேணுமே" என்றாள்.

நான்காம் நாள் கெம்பம்மா
கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றார்.
நுரையீரலில் இருபது வருஷக் கல் அப்படியே இருக்கிறது;
அதற்கு எங்களிடம் எதுவுமில்லை.
முனிரத்னாவை 'மகளே' என்கிறார், என்னை 'சார்'.

பயிற்சியின் கடைசி நாள்.
கேன்டீனில் அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்:
"ஏழரைன்னு மொதல்ல
யாரு வெச்சது அந்தப் பேரு?"

டீ சூடாக இருந்தது.
ஊதிக்கொண்டே இருந்தேன்.