ஊக்கு

கோயமுத்தூரில் எடுத்த ஸ்கேன்
பாலக்காட்டுச் சித்தூர் ஆபீசில் ஓடவில்லையாம்.
"சிடி இடான் இவிடெ ஒந்நுமில்ல, சேச்சி"
என்று கையை விரித்துவிட்டாராம் கிளார்க்.
புதுக் கம்ப்யூட்டர்கள் ஒல்லியாகி வருகின்றன
வாயே இல்லாமல்.

வேலந்தாவளத்தில்,
கள்ளு வண்டிகள் திரும்பும் வளைவில் என் கடை.
ஜெராக்ஸ், பாஸ்போர்ட் படம், விசேஷங்களுக்கு வீடியோ.
மேஜைமேல் பதினோரு வயசு லேப்டாப்,
கீல் உடைந்ததை சைக்கிள் டியூப் வெட்டிக் கட்டியிருக்கிறேன்.
வலது விலாவில் தகடு விழுங்கும் தட்டு.
இடது விலாவில் கார்டு சொருகும் பொந்து,
அதற்குள் வாங்கின நாளிலிருந்து
ஒரு வெற்று பிளாஸ்டிக் கார்டு.
ஒன்றும் செய்யாது,
தூசியை மட்டும் உள்ளே விடாது.
இந்த பார்டரில் ஒழுங்காக நடக்கிற காவல்
அது ஒன்றுதான்.

கல்யாணப் பத்திரிகை உறைக்குள் போட்டுக்
கொண்டுவந்திருந்தாள் பழனாத்தாள்.
தகட்டின் மேல் மார்க்கரில்:
வெள்ளியங்கிரி, 43, முதுகு.

பொத்தானை அமுக்கினேன்.
நகக்கண் அளவு வெளியே வந்து
அப்படியே நின்றது தட்டு.
ஊசித்துளை ஒன்று உண்டு அதில்,
குத்தினால் திறக்கும்.
என்னிடம் இருந்த கிளிப்புகள் எல்லாம் தடிமன்.
"மெல்லிசா ஒரு கம்பி வேணுங்க" என்றதும்
தாலிச்சரட்டிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி நீட்டினாள்.
இன்னும் ரெண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

மிஷினை அணைத்துவிட்டுக் குத்தினேன்.
டக்.
உள்ளே ஏற்கெனவே ஒரு தகடு:
எருத்தேம்பதி, பூப்பு நன்னீராட்டு விழா, பாகம் 2.
மூணு வருஷமாய் நான் தேடியது.
பாகம் ஒன்றோடு போனவர்கள்
இன்றைக்கும் என்னை வழியில் பார்த்தால் பேசுவதில்லை.

காது குடையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு
லென்ஸைத் துடைத்தேன்.
சுற்றத் தொடங்கும்போது அம்மிச் சத்தம்,
போகப்போகக் குளவிச் சத்தம்.
திரையில் சாம்பல் நிறத்தில் முதுகு.
மவுசை உருட்ட உருட்ட
ஒரு மனிதன் ஏடு ஏடாகப் பிரிந்தான்.

"இதாருங்க?"
"உங்க வீட்டுக்காரருங்க."
"ஆளையே காணமே."

நாற்காலியை இழுத்துப்போட்டு
கிட்ட வந்து பார்த்தாள்.
"தென்னையில மட்டை கழண்ட தடமாட்ட இருக்குது."
கண்ணாடியில் விரல் வைத்துக்
கீழிருந்து எண்ணினாள்.
அஞ்சில் நின்றது விரல்.
டாக்டர் தாளை எடுத்துப் படித்தேன்:
இடுப்பு எலும்பு ஒன்று, நசுங்கல்.
"ஒன்னுன்னு போட்டிருக்குங்க."
"அவிங்க மேலிருந்து எண்ணியிருப்பாங்க" என்றாள்.
"ஏறுறவங்களுக்கு இது அஞ்சு."

படங்களை நல வாரியத்துக்கு அனுப்ப வேண்டும்.
வெற்றுக் கார்டை உருவி உறைமேல் வைத்தேன்.
பொந்தில் டேட்டா கார்டைச் சொருகினேன்.
மேஜையின் கிழக்கு ஓரம் வைத்தால்
தமிழ்நாட்டு டவர், ஒரு கோடு.
மேற்கு ஓரத்தில் கேரளம், ரெண்டு.
ஸ்டூல் போட்டு ஜன்னலில் தூக்கி வைத்தால் மூணு.
அறுபத்திரண்டு படம்,
ஒவ்வொன்றாய் எல்லை தாண்டின.
அவள் போய் டீ குடித்துவிட்டு
எனக்கும் ஒன்று வாங்கி வந்தாள், ஆறிப்போய்.

நாலரைக்கு கிளார்க் போனில் சொன்னார்: "கிட்டி."
கிடைத்தது படம்தான்.
பணம் எப்போது என்று நானும் கேட்கவில்லை.

முப்பது ரூபாய் சொன்னேன்,
சில்லறையாய் எண்ணி வைத்தாள்.
கொழிஞ்சாம்பாறை பஸ் ஹாரன் அடிக்க
உறையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.
உறையோடு போய்விட்டது என் வெற்றுக் கார்டு.
மவுசின் பக்கத்தில் அவள் ஊக்கு.

பொந்தை இப்போதைக்கு
செலோ டேப் ஒட்டி மூடினேன்.
பிறகு துணிந்து
எருத்தேம்பதிக்குப் போன் போட்டேன்,
பாகம் ரெண்டு கிடைத்துவிட்டது என்று.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு அந்தப் பெண்ணே பேசினாள்,
குரல் பெரிதாகியிருந்தது:
"இனி எதுல போட்டுங்கண்ணா பாக்கறது?"

கடைக்கு வாங்க என்றேன்.
தட்டு இருக்கு.
திறக்க ஊக்கும் இருக்கு,
அதுக்குச் சொந்தக்காரி வந்து கேக்கற வரைக்கும்.