பக்கம் முப்பத்தொன்று, நான்காம் கட்டம்

படத்தில் மதகுக்காரன்
ஒற்றைக் கையால் ஷட்டரைத் தூக்குகிறான்.
முகமூடி. தோளில் துண்டு,
காற்றில்லாத கட்டத்திலும் பறக்கிறது.
கீழே க்ர்ர்ரக் என்று பெரிய எழுத்து.
எழுத்தை விட்டுவிடலாம், என்றார் டைரக்டர்,
மற்றதெல்லாம் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே.
இருக்கிற மாதிரியே இருக்கிறதா
என்று பார்ப்பதற்குத்தான்
எனக்கு நாளொன்றுக்குத் தொள்ளாயிரம்.

துண்டு என்ன நிறம்?
மூன்று நாள் வாட்ஸப்பில் அடித்துக்கொண்டார்கள்.
கடைசியில் சிவகாசிக்குக் கார் அனுப்பி
வரைந்தவரையே அழைத்துவந்தோம், ஞானதிரவியத்தை.
"ஒரே மைதாம்மா, கறுப்பு.
மூணாவது இதழுக்கு மட்டும் செவப்பு.
கல்யாணப் பத்திரிகை அடிச்ச மிச்சம் கெடந்துச்சு."
காவிரியை எப்போது பார்த்தீர்கள்?
"இன்னும் பாக்கலியே" என்று
திருமருகல் பக்கத்து வாய்க்காலை
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தார்.
ஒரு காலண்டரை வைத்து வரைந்தாராம்.

நிஜ ஷட்டருக்கு அனுமதி வரவில்லை.
இருபதடி தள்ளி மெஹபூப் ஒன்று செய்தார்,
தெர்மாகோல், துருவுக்குக் காப்பித்தூள்.
நிஜத்தின் சாவியை இடுப்பில் செருகியபடி
லஸ்கர் உத்திராபதி வந்து பார்த்தார்.
"பல்சக்கரம் தப்பாச் சுத்துது.
அப்புறம், ஒத்தக் கையில வராது.
நானும் மச்சானும் சேர்ந்து தொங்கணும்."
ஹீரோ சிரித்தார். உத்திராபதி சிரிக்கவில்லை.

இரவு ஒன்றரை.
ஜெனரேட்டர், புகை, இரண்டு டேங்கர் லாரி.
ஆக்‌ஷன்.
ஒற்றைக் கையில் ஷட்டர் எழும்ப
பன்னிரண்டாயிரம் லிட்டர் பாய்ந்தது.
அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும்.
முதலில் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி,
பிறகு நாலைந்து வண்டி,
மண்வெட்டியோடு ஒரு பெண்
நைட்டிமேல் சட்டை போட்டுக்கொண்டு.
"எத்தனை நாள் முறை சார்?"
யாரும் பதில் சொல்லவில்லை.
ஒருவர் வாய்க்காலுக்குள் இறங்கி
செல்போன் டார்ச்சோடு
தண்ணீரின் நுனியோடு கூடவே நடந்தார்.
வழியில் கிடந்த ஒரு கள்ளிக் கிளையை
ஒதுக்கிப் போட்டார் அதற்கு.
நாற்பதடி. அதற்குமேல் மண் குடித்துவிட்டது.
டார்ச் அங்கேயே நின்றது.

ஐந்தாம் கட்டத்தைப் புரட்டினேன்.
மதகுக்காரனின் முதுகு மட்டும்.
ஜனங்கள் எங்கே ஐயா?
"கூட்டம் போட்டாலும்
பக்கத்துக்கு அதே பதினஞ்சு ரூபாதாம்மா."

டைரக்டர் ஒன்ஸ் மோர் என்றார்.
குறிப்பேட்டில் எழுதினேன்:
டேக் இரண்டு. தரை ஈரம், பொருந்தாது.
காயும்வரை காத்திருக்கவும்.
புத்தகத்தில் இல்லாதவர்கள், பதினேழு பேர்.
அவர்களும் காத்திருக்கிறார்கள்.