கீறிடாத இடம்

மஜோக்கின் சைக்கிள் ஹெல்மெட் முழுக்க
பிளாஸ்டிக் முட்கள்.
வயர் கட்டும் பட்டிகளை வாலோடு நிமிர்த்தி
முள்ளம்பன்றியாக்கி வைத்திருக்கிறான்.
டாண்டினோங்கில் செப்டம்பர்.

அதை மேசையில் வைத்துக் கேட்டேன்:
நேற்றுத்தான் இந்த ஊருக்கு வந்தவர்
இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்?
"மக்பை கொத்துகிற காலம், மிஸ்."
அது உனக்குத் தெரியும். அவருக்கு?

நான் வந்த வருடம்
ஏதோ விளையாட்டுக் கழகத்தின் சின்னமாக்கும்
என்றுதான் இருந்தேன்,
மைதானத்து ஓரம்
என் உச்சந்தலையில் ஒரு பறவை இறங்கும்வரை.
கண்டது பிழையில்லை.
கண்டதோடு கூட்டிப் பார்க்க
என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

எனக்குப் படிப்பித்தவர்கள்
கீறிட்ட இடம் நிரப்புக என்றார்கள்.
கீறின் நீளத்தை அளந்து
சொல்லைத் தெரிந்தெடுத்தோம் நாங்கள்.
இவர்களுக்கு நான் தரவேண்டியது
கீறே இல்லாத இடம்.
சொல் நின்றுவிட்ட பிறகும்
பொருள் நடந்துபோகிற கொஞ்சத் தூரம்.

இன்றைய பந்தி ஐந்து வரி.
விடியமுன்னம் காரில் ஏறினார்கள்.
அம்மா இரண்டுதரம் போய் அடுப்பைப் பார்த்தார்.
நாயின் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது.
அப்பா சாவியைப் பூச்சட்டிக்கு அடியில் வைத்தார்.
தம்பி ஒன்றும் பேசவில்லை.

எங்கே போகிறார்கள்? எப்படித் தெரியும்?
விடைத்தாளில் ஒரே சொல்:
விடுமுறைக்கு.

"கடற்கரைக்கு" என்றான் குவான்.
ஆதாரம்?
"விடியமுன்னம் போனால்தான் பார்க்கிங் கிடைக்கும்."
அவன் அப்பாவின் குரலே வந்தது.

"நாய் செத்துப்போச்சு" என்றான் மஜோக்.
"அதுதான் தம்பி பேசவில்லை."
முன்வரிசையில் இரண்டு பேர்
அழுவதற்குத் தயாரானார்கள்.
இல்லை என்றாள் ஹார்ப்பர், கை உயர்த்தாமலே.
"செத்த நாயின் கிண்ணத்தை
யாரும் உடனே கழுவமாட்டார்கள்.
எங்கள் வீட்டில் மூன்று மாதம் அப்படியே கிடந்தது."

மஜோக் தன் விடையை அழித்தான்.
ரப்பர் தூளை ஊதிவிட்டு
அவள் பக்கம் ஒருமுறை பார்த்தான்.

மர்ஸியா வகுப்பில் பேசுவதில்லை.
எழுதி என் பக்கம் தள்ளினாள்:
"திரும்பி வருவார்கள்.
திரும்பி வராதவர்கள்
சாவியைக் கொண்டுபோவார்கள்."

எந்த வரியில் இருக்கிறது, காட்டு என்றேன்.
கேட்கத்தான் வேண்டும். அதுதான் பாடம்.
ஊகம் எவருக்கும் வரும்,
விரல் வைக்க ஒரு சொல் வேண்டும்.
பூச்சட்டிக்கு அடியில்
விரல் வைத்தாள்.

அது பாதி. மற்றப் பாதி?

விரல் தாளை விட்டெழுந்து
மேசையில் கிடந்த
என் சாவிக்கொத்துக்குப் போனது.
கார். வீடு. தபால்பெட்டி. பிரதியெடுக்கும் அறை.
ஐந்தாவது நீளம், இரும்பு,
வளையத்தில் துருவின் நிறம்.
"இது இங்கே எதையும் திறக்காது, மிஸ்.
பெப்ரவரியிலிருந்து பார்க்கிறேன்."

வகுப்பில் ஹீட்டர் மட்டும் முனகியது.
நான் என்ன சொன்னேன் என்று
இப்போது சரியாக நினைவில்லை.
நல்ல அவதானம் என்றோ
அப்படி ஏதோ ஒன்று.

மூன்றரைக்கு மதிப்பீட்டுத் தாளை எடுத்தேன்.
ஆதாரம் காட்டினாரா: ஆம்.
முன்னறிவைப் பயன்படுத்தினாரா:
அந்தக் கட்டம் அரை அங்குலம்.
அதற்குள் எழுதக்கூடியது
சரி என்ற அடையாளம் ஒன்றுதான்.
விடைத்தாளில் இருந்த 'விடுமுறைக்கு' என்பதை
நான் வெட்டவில்லை.
பக்கத்தில் 'முதலிய' என்று எழுதினேன்.

மர்ஸியா போகும்போது
பையைத் தோளில் ஏற்றினாள்.
உள்ளே இரும்பு இரும்போடு
மோதுகிற சத்தம்,
மிகச் சின்னதாய்.

கொம்பாஸ் பெட்டியாகவும் இருக்கலாம்.